சுவிட்ச் போடாமலே பேசிய பெட்டி

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒயர் இழுத்து மாட்டுகிற பிழைப்பு என்னுடையது. பாட்டு நன்றாகக் கேட்டால் பெயர் பாடினவருக்கு, கேட்கக் கூடாதது கேட்டால் போன் எனக்கு. கோயமுத்தூரைச் சுற்றி அடுத்தவர் வீட்டு ஹாலில் முட்டி போட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தலையை விட்டு, ஒட்டடையோடு வெளியே வருகிற என் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். பேய்க்குப் பயந்தவன் இந்த வேலைக்கு வரவே கூடாதுங்க. நான் பயந்தவன்தான், வந்து தொலைத்துவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் ஒருத்தி

சரவணம்பட்டியில் ஒரு ஃபிளாட். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற வீட்டுக்காரர், யூடியூப் பார்த்துத் தானே ஸ்பீக்கரை மாட்டியிருந்தார். ரெண்டு பெட்டியும் எதிரே இருக்க, பாடுகிற பெண்ணின் குரல் மட்டும் அவர் மனைவியின் பிடரிக்குப் பின்னால் நின்று கேட்டதாம். அந்த அம்மணி சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் குரல் சுவருக்குள்ளிருந்து வந்ததாம். நான் போனபோது ரெண்டு பெட்டியிலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

நமக்குத் தெரிந்த கதைதான். ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போனால், நடுவில் நிற்க வேண்டிய குரலுக்கு நிற்க இடம் இருக்காது. எங்கேயோ அலையும். டார்ச் பேட்டரி ஒன்றை ஒயரில் தொட்டுத் தொட்டு, கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, மாற்றி மாட்டினேன். குரல் வந்து ரெண்டு பெட்டிக்கும் நடுவில் அடக்கமாக நின்றது. அந்த அம்மணி முன்னே பார்த்தார், பின்னே திரும்பிப் பார்த்தார், அப்புறம் என்னிடம் கேட்டார்: "முன்னாடி வந்துட்டா, சரிங்க. இத்தன நாளா எம்பின்னாடி நின்னுட்டு என்னத்தப் பாத்துட்டு இருந்தாளுங்க?"

மூச்சு விடும் பெட்டி

சோமனூரில் நாலு விசைத்தறி வைத்திருப்பவர் ஒருவர், பழைய இசைத்தட்டுப் பிரியர். "ஏனுங்க, பொட்டி மூச்சு விடுதுங்க, சீக்கிரம் வாங்க" என்று போனில் கூப்பிட்டார். ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே போனேன். ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றினேன். அட கடவுளே! பெட்டியிலிருந்து சத்தம் துளியும் இல்லை. ஆனால் உள்ளே பெரிய கூம்பு மெதுவாக உப்பியது, மெதுவாக அமுங்கியது. கொஞ்ச நேரத்தில் நானும் அதே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வெயிலில் நின்றதும் புத்தி வந்தது. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடுகிற அதிர்வு தரை வழியாக ஏறி, சும்மா இசைத்தட்டின் மேல் வைத்திருந்த ஊசியை ஆட்டி, காதுக்கு எட்டாத அசைவாக ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. அங்கேயே கிடப்பவர்களுக்குத் தறிச் சத்தம் சத்தமாகவே தெரிவதில்லை. பிளேயருக்கு அடியில் சைக்கிள் டியூபையும் ஒரு கடப்பைக் கல்லையும் வைத்து ஆட்டத்தை நிறுத்தினேன். அரைமணி நேரம் விளக்கமும் சொன்னேன். அவர் பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொல்றது சரிதானுங்க, ஞாயித்துக்கெழம தறி ஓடாது, அன்னிக்கு இது மூச்சு விடறதில்லீங்க. எனக்கு அன்னிக்குத்தான் ரொம்பப் பயமா இருக்கும், செத்துகித்துப் போச்சோன்னு."

டீச்சரம்மாவின் நோட்டு

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். ஆர்.எஸ்.புரத்தில் சரோஜா டீச்சர் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மகன் பிரபுவோடு இருக்கிறார். ரெண்டு மாதத்துக்கு முன்னால் நான்தான் அங்கே வேலை செய்தேன். ஹாலில் பழைய ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருந்தன. காலையில் சாமி பாட்டுக் கேட்பதற்காக டீச்சரம்மாவின் ரூமுக்கும் ஒயர் இழுத்து, கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரில் ஹாலுக்கு ஏ பட்டன், ரூமுக்கு பி பட்டன். வயதானவர் எழுந்து வந்து அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாமே என்று ரெண்டையும் அமுக்கியபடியே விட்டுவிட்டு வந்தேன். நல்லது செய்கிற நினைப்பு!

போன மாதம் பிரபு கூப்பிட்டார். "அண்ணா, அந்த ஸ்பீக்கரக் கழட்டிப்போடுங்க. ஆஃப் பண்ணி வெச்சாலும் பேசுதுங்கறாங்க அம்மா. டாக்டர் மாத்திர குடுத்திருக்காருங்க. திங்கக்கெழம ஒரு முதியோர் ஹோம்ல சேக்கறோம்." மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். பிரபு ஹாலில் போனும் கையுமாக இருந்தார். டீச்சரம்மா என்னை ரூமுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். பெட்டி பேசியதையெல்லாம் நாள், நேரம் போட்டு எழுதியிருந்தார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. 'திங்கள், 11.10 - மொதல்ல அம்மாவ அனுப்பிப்போடலாம்.' 'புதன், 4.30 - அழுதாக் கண்டுக்காதீங்க, நாலு நாள்ல பழகிக்கும்.' 'வியாழன், 12.00 - ஊடு காலியானா உடனே வந்து பாருங்க.' மகனுக்குத் தெரியாமல் காட்டிய இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டர் மாத்திரையையே கூட்டினாராம். டீச்சரம்மா குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "எம்புத்திதான் பெசகிப்போச்சோ என்னமோ தம்பி, நீங்களே ஒருக்கா காத வெச்சுப் பாருங்க. ஒண்ணும் கேக்கலீன்னு நீங்க சொல்லிட்டா, திங்கக்கெழம நான் பேசாமக் கெளம்பிடறேனுங்க."

பி பட்டன்

கட்டிலில் அவர் தலை வைக்கிற இடத்தில் என் தலையை வைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை வந்தவுடனேயே பிடுங்கியிருந்தேன். கரண்டே இல்லை. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து, சொம்புக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, சன்னமாக ஒரு குரல்: "கழட்ட ஆள் வந்தாச்சுங்க. திங்கக்கெழம நானே கூட்டியாந்தர்றேன்." என்னைத்தான் சொல்கிறது! மயிர்க்கால் அத்தனையும் நின்றது. கத்தாமல் இருந்தது என் பூர்வ புண்ணியம்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பிரபு ஹாலில் பெரிய ஸ்பீக்கரை ஒட்டிப் போட்ட சோபாவில் சாய்ந்து, அதன் முகத்துக்கு நேராக ஹோம்காரரோடு போன் பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று விளங்கியது, என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே சாதி. ஸ்பீக்கரின் முன்னால் பேசினால் கூம்பு ஆடும், ஆடினால் ஒயரில் துளி கரண்டு ஓடும். ஏ, பி ரெண்டு பட்டனும் அமுங்கிக் கிடந்தால் அந்தத் துளி நேராக உள்ரூம் ஸ்பீக்கருக்குப் போகும். ஆம்ப்ளிஃபயரைப் போட்டிருக்கவே வேண்டியதில்லை. பகலில் நிசப்தமான ரூமில், தலைமாட்டில், ஒரு சாண் தூரத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்காமல் என்ன செய்யும்? பிரபுவைக் கூப்பிட்டு அம்மா பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஹால் ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்து முதல் வரியை மெதுவாகப் படித்தேன். "மொதல்ல அம்மாவ அனுப்பிப்போடலாம்."

திரும்பி வந்தபோது பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, அது வந்து..." என்றார். திங்கட்கிழமை டீச்சரம்மா எங்கேயும் போகவில்லை, இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "டீச்சரம்மா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நீங்க கேட்டதெல்லாம் அத்தனையும் நெசந்தானுங்க!" என்று சத்தமாகவே சொன்னேன். முட்டாள் பயல் நான். அவர் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "எனக்குப் பைத்தியமே புடிச்சிருந்தாத் தேவலீங்க தம்பி. எம்பையன் அப்படியெல்லாம் பேசலைன்னு ஆயிருக்குமில்லீங்க."

இப்போதெல்லாம் எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் பி பட்டனை அணைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன், பேய் என்றால் எலுமிச்சம்பழம் கட்டிச் சமாளித்துக்கொள்வார்கள்.