பரிசோதகர் வந்த சனிக்கிழமை

அப்பா கட்டிய விமானம் பறக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு கதையைத் தொடங்கினால் கடைசியில் அது மேகத்துக்குள் போகும், கீழே எல்லோரும் கை தட்டுவார்கள் என்று ஆவலோடு காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கப்போவதில்லை. வீணாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக்லாந்தின் புறநகரான பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நின்று நான் பார்த்ததே கிடையாது. கார் வெளியே மழையில் நனையும், விமானம் உள்ளே காய்ந்தபடி இருக்கும். இரண்டு பேர் ஏறக்கூடிய சின்ன விமானம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடுகள் வந்து இறங்கின. அவற்றில் துளையிட்டு, ரிவெட் ஆணி அடித்து ஒன்றாக்குவதுதான் அப்பாவின் வேலை. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவருடைய மற்ற வேலை. இரண்டில் எது உண்மையான வேலை என்று கேட்டால் அம்மா ஒன்று சொல்வார், அப்பா வேறொன்று சொல்வார்.

கோயிலில் அவருக்குப் ‘பிளேன்காரர்’ என்று பெயர். “அண்ணை, எப்ப பறக்கப் போறியள்? எங்களுக்கும் ஒரு சீட் வையுங்கோ” என்று அன்னதான வரிசையில் நின்று சீண்டுவார்கள். அப்பா சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் அவர். சண்டை வந்து படிப்பு பாதியில் நின்றுபோனது. இது பறந்தால்தான் தான் இந்த நாட்டுக்கு வந்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். “பறக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் கட்டிய விமானத்தை நினைத்தவுடன் எடுத்துக்கொண்டு பறந்துவிட முடியாது. பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்து, இது பறக்கத் தகுந்தது என்று கையெழுத்து வைக்க வேண்டும். இறக்கையைத் தகடு போட்டு மூடிய பிறகு அதற்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அதனால் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, தேதியெழுதி, கோப்பில் சேர்க்க வேண்டும். அப்பாவே கட்டினார் என்பதற்கும் அந்தப் படங்கள்தான் சாட்சி, ஆகவே படத்தில் அவருடைய கை இருக்க வேண்டும். படம் பிடித்தது நான். “கை தெரியுதோ பிள்ளை?” என்பார். தெரியுது என்று ஆங்கிலத்தில் சொல்வேன். என் பிறந்தநாள்களுக்கு ஒழுங்கான படம் ஒன்று இல்லை, இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களுக்கு ஓர் அலமாரி நிறையப் படம் இருக்கிறது. கோபமா என்று கேட்டால், ஓம், கோபம்தான். இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

அம்மா கராஜுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அவர் வன்னியில் பிறந்து, சண்டைக்குள்ளேயே வளர்ந்து, அதற்குள்ளிருந்தே வெளியே வந்தவர். எங்கள் கூரைக்கு மேலாகத்தான் பெரிய விமானங்கள் எல்லாம் இறங்கப் போகும். சத்தம் கேட்டதும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். அது போய் முடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காத மாதிரி அம்மாவுக்குப் பிளேன் சத்தம் பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். குண்டு, பங்கர் என்ற சொற்கள் பெரியவர்கள் கதைக்கும்போது காதில் விழும். என்னைப் பக்கத்தில் இருத்தி யாரும் எதையும் சொன்னதில்லை.

இறக்கைகள் இரண்டையும் மூடும் முன் பரிசோதகர் ஒருமுறை வந்து உள்ளே பார்த்துத் திருப்தியோடு போயிருந்தார். பிறகு அப்பா தகடு போட்டு மூடினார். உள்ளே எட்டிப் பார்ப்பதற்கென்று இறக்கையின் அடிப்புறத்தில் கை நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கும். அவற்றின் மூடிகளைக் கடைசிப் பரிசோதனைக்குப் பிறகுதான் பூட்டுவது. பழைய படுக்கை விரிப்புகளைச் சுற்றி இறக்கைகளைச் சுவரோரம் சாத்திவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா எஞ்சினோடு மல்லுக்கட்டினார். ஆக்லாந்துக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். துவைத்த துண்டு காய்வதற்குள் அடுத்த முறை துவைக்க வேண்டி வந்துவிடும்.

கடைசிப் பரிசோதனைக்குப் பரிசோதகர் வந்தது ஒரு சனிக்கிழமை. வயதான மனிதர், நல்ல மனிதர், முழங்கால் வலிக்காரர். அப்பா முகம் மழித்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். அம்மா வடை சுட்டிருந்தார். பரிசோதகர் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இவ்வளவு ஒழுங்கான பதிவைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்றார். படம் எடுத்தது நான் என்று அப்பா சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு பரிசோதகர் முழங்காலை ஊன்றி இருந்து, நீளக் கம்பி வைத்த சின்னக் கண்ணாடியை ஒரு துளைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த துளைக்குப் போனார். திரும்ப முதல் துளைக்கு வந்தார். உள்ளே வெள்ளையாகத் தூள் படிந்திருக்கிறது என்றார். அலுமினியம் அரிக்கத் தொடங்கினால் அப்படித்தான் வெள்ளைத் தூளாகப் பூக்குமாம். அப்பா கோப்பைத் திறந்து அதே இடத்தின் படத்தைக் காட்டினார். படத்தில் தகடு பளபளவென்று இருந்தது. இருக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டு கையைத் துளைக்குள் விட்டார். விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

எனக்கும் மணத்தது. அம்மாவின் சாமி அலமாரியின் மணம் அது, திருநீறு. அப்பா சமையலறை யன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். என்ன அது என்று பரிசோதகர் கேட்டார். சாம்பல் என்றார் அப்பா. நான்தான் பூசினேன், எங்கள் வழக்கம் என்றார்.

அந்த மனிதர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஈரச்சாம்பல் அலுமினியத்தைத் தின்னும், சில இடங்களில் இப்போதே சொரசொரப்பு ஏறிவிட்டது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கத் தகட்டைக் கழற்றத்தான் வேண்டும். அதைவிட மோசமானதைக் கடைசியில் சொன்னார். இந்தச் சாம்பல் கோப்பில் எங்குமே இல்லையே, கோப்பில் இல்லாத வேறு எதுவும் உள்ளே இல்லையென்று நான் எப்படி நம்புவது? பரிசோதகர் கோப்பை மூடி அப்பாவின் கையில் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு வடை எடுத்துக் கடித்துக்கொண்டே காருக்குப் போனார். அப்பா கேற் வரைக்கும் கூடவே போனார்.

நான் சமையலறைக்குள் போய் அம்மாவிடம் கத்தினேன். நீங்கள்தான் எல்லாவற்றையும் நாசமாக்கினீர்கள் என்று வாய்க்கு வந்தபடி ஆங்கிலத்தில் கத்தினேன். அம்மா மிஞ்சிய வடைகளைத் தட்டுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அப்பா மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ரிவெட்டுகளை ட்ரில் போட்டுக் கழற்றத் தொடங்கினார். நான் லைட் பிடித்தேன். தகடு திறந்ததும் லைட்டைக் கிட்டக் கொண்டுபோனேன். துளைகளுக்கு அருகே ஒவ்வொரு விலாச் சட்டத்திலும் மூன்று குறி, நெற்றியில் இழுப்பது மாதிரியே, தண்ணீரில் குழைத்து இழுத்திருந்தது. அம்மா கை எட்டும் தூரம் வரைக்கும் பூசி, எட்டாத இடத்துக்கு அள்ளி வீசியிருந்தார். பழைய பூச்சுக்கு மேல் புதிய பூச்சு. ஒருநாள் வேலை இல்லை இது.

அம்மா கராஜ் வாசலில் வந்து நின்றார். அப்பா திரும்பாமலே கேட்டார்.

“எப்ப பூசினனீர்?”

“வெள்ளிக்கிழமைகளில. நீங்கள் வேலைக்குப் போன பிறகு.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் விட்டிருப்பியளோ?”

அப்பா இன்னும் இரண்டு மூன்று ரிவெட்டுகளைக் கழற்றினார். பிறகு அவருடைய குரல் உடைந்துபோனது. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் அதுவரை கேட்டதில்லை. “என்ர வேலையில உமக்கு நம்பிக்கை இல்லை, என்ன? இதோட விழுந்து செத்துப்போவன் எண்டு நினைச்சிட்டீர்.”

“ஐயோ, இல்லையப்பா. நீங்கள் விழமாட்டியள். எனக்குத் தெரியும். நீங்கள் ஒண்டைச் செய்தால் அது பிசகாது.” அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “உங்களுக்கெண்டு நான் பூசேல்லை.”

“பின்னை ஆருக்கு?”

“இது மேல போகேக்க கீழ ஆரும் நிப்பினம்தானே. அதுகளுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது எண்டுதான்.”

அப்பா ட்ரில்லை நிறுத்தினார். விமானத் திடல் ஊருக்கு வெளியே இருக்கிறது, சுற்றிவர வெறும் புல்வெளி, கீழே ஆட்களே இல்லை, மாடுகள் மட்டும்தான் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

“மாடும்தான், பிள்ளை” என்றார் அம்மா. “கயித்தில கட்டி நிண்டதுகள். ஓடவும் ஏலாமல் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாட்டில் மாடுகளை யாரும் கயிற்றில் கட்டுவதில்லை, வேலிக்குள் அவிழ்த்துத்தான் விடுவார்கள் என்று அம்மாவைத் திருத்தினேன். அப்பா ட்ரில்லின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அப்பா களைத்துவிட்டார், தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார் என்று நினைத்து, லைட்டை அந்த இறக்கைக்குள்ளேயே பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.