அகராதி அக்கா லீவ் போட்ட கதை

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். முன்னும் பின்னும் கிழிந்த ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதியைச் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருப்பாள் என்பது ஒன்று. இன்னொன்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவ்வளவு அகராதி பிடித்தவள். முகத்துக்கு நேரே 'அக்கா' என்போம். அந்தப் பக்கம் திரும்பினால் அகராதி.

ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். மேலே அறைகளில் கழற்றிப் போடும் விரிப்பு, உறை, துண்டு எல்லாம் ஒரு குழாய் வழியாகத் தொப்புத் தொப்பென்று கீழே வந்து விழும். அக்கா கறை பார்த்துப் பிரித்து மூன்று மெஷின்களில் போடுவாள். மற்றவர்கள் உலர்த்தி இஸ்திரி போடுவார்கள். நான் மடிப்பு மேஜை, அவளுக்கு நேர் எதிரே. பதினோரு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மடிக்கிறேன், என் தலையெழுத்து.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. லீவ் வேண்டுமானால் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். அதற்கு அக்காவிடம் ஒரே ஒரு கடிதம் இருந்தது. 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.' அகராதியின் ஒரு பக்க ஓரத்தில் யாரோ எந்தக் காலத்திலோ பென்சிலில் எழுதி வைத்தது. தங்கை கல்யாணம், வீடு மாற்றுவது, பல்வலி, எதுவானாலும் எங்களுக்குக் காய்ச்சல்தான். அடித்தளத்தில் இத்தனை பேருக்கு ஏன் மாற்றி மாற்றிக் காய்ச்சல் வருகிறது என்று மேனேஜர் ஒரு தடவை கொசுமருந்து அடிக்கவே ஆள் அனுப்பினார். அந்தக் கடிதத்தை அக்கா வரி வரியாகச் சத்தம் போட்டுச் சொல்லி எங்களையும் சொல்ல வைப்பாள். ஏ, பி, சி தெரியாத நானே அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

எழுதிக் கொடுத்ததற்குக் கூலியாக அவளுடைய பாடத்தைக் கேட்க வேண்டும்.

"இங்கிலீஷ்ல ஆயிரம் வினைச்சொல் இருக்கும்டி. நமக்கு ஒண்ணு போதும். லீவ். லீவ்னா விடு. தமிழ்ல எங்கெல்லாம் 'விடு' வருதோ, அங்கெல்லாம் தைரியமா லீவைப் போடு."

சொன்னதோடு நிறுத்தினாளா? மழை விட்டால் 'ரெயின் லெஃப்ட்'. பள்ளிக்கூடம் விட்டால் 'ஸ்கூல் லெஃப்ட்'. மெஷினுக்குத் தண்ணீர் விடவில்லை என்றால், மேனேஜரிடமே 'வாட்டர் நோ லீவிங் சார்'. நான் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பேசினால் போதும், 'டோன்ட் லீவ் ஸ்டோரி!' என்று பாய்வாள். கதை விடாதே என்று அர்த்தமாம். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலை அவள் பட்டம் வாங்கியது போல வாங்கிக்கொள்வாள்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே ஏழெட்டு அர்த்தம் போட்டிருந்தது. கிளம்புவது, விட்டுச் செல்வது, மறந்து வைப்பது, மிச்சம் வைப்பது வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே பிளீச் சிந்திக் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் அக்காவுக்கு வந்த வினை அந்த வெள்ளைக்குள்தான் இருந்தது.

பதினாறு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட லீவ் போட்டதில்லை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனானே, அதற்கு மறுநாள் காலையிலும் வந்து மெஷினை ஓட்டினாள். என்ன அக்கா, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு என்று கேட்டேன். 'ஹி லெஃப்ட்' என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் இங்கிலீஷில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு ஒற்றை மகளை வளர்த்து, வெளியூரில் கட்டிக் கொடுத்து, கூடத்துக்குப் பின்னால் ஹோட்டல் கொடுத்த சின்ன அறையில் தனியாக இருந்தாள். வேலை போனால் அந்த அறையும் போகும்.

அந்த மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் எழுந்து நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு இருபது நாள் லீவ் வேண்டும்.

"பேசாம நம்ம காய்ச்சல் லெட்டரையே எழுதிடுங்கக்கா" என்றேன்.

"பொய் சொல்லி லீவ் வாங்க நான் என்ன நீயா? சொந்தமா எழுதுவேன்டி. என் இங்கிலீஷை அவரும் பார்க்கட்டும்."

எழுதினாள். எங்களுக்குப் படித்தும் காட்டினாள். 'சார், மை டாட்டர் பேபி கமிங். சிக்ஸ்டீன் இயர்ஸ் ஐ நெவர் லீவ். ஃபர்ஸ்ட் தேதி ஐ லீவ். கைண்ட்லி லீவ் மீ.' கடைசி வரிக்கு, தயவுசெய்து என்னை விடுங்கள் என்று விளக்கமும் கொடுத்தாள். மறுநாளே பதில் வந்தது. 'யுவர் லீவிங் ஈஸ் அக்செப்டட் வித் ரிக்ரெட்.'

"ரிக்ரெட்னா மரியாதைடி. லீவையும் குடுத்து மரியாதையும் குடுத்திருக்கார் பாரு" என்று அந்தக் காகிதத்தை மெஷின் மேல் ஒட்டி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்து நின்றாள். மெஷின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என்னம்மா என்று விசாரித்தால், "இங்க ஒரு அம்மா வேலையை விட்டுட்டுப் போறாங்களாம். அவங்க இடத்துக்கு என்னை எடுத்திருக்காங்க" என்றாள். எனக்குத் திக்கென்றது. அக்காவைத் துண்டு அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கு எஸ், நோவுக்கே வித்தியாசம் தெரியாது. நீ என் இங்கிலீஷுக்குப் பரீட்சை வைக்கறியா? டோன்ட் லீவ் ஸ்டோரி!"

எனக்கு வந்ததே கோபம்! எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

மாதக் கடைசி நாள் மத்தியானம் மேனேஜர் ஒரு கேக்கும் சுவர்க்கடிகாரமுமாகக் கீழே இறங்கி வந்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பதினாறு வருஷம் லீவே போடாதவ லீவ் போட்டா இப்படித்தான் செய்வாங்க" என்று எங்களுக்கு விளக்கிக்கொண்டே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவர் ஏதோ நாலு வார்த்தை பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவளே முதலில் கை தட்டினாள். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"ரூம் கீ, ப்ளீஸ்."

தட்டப் போன அக்காவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கேக்கைப் பார்த்தாள். அதில் 'குட்பை' என்று எழுதியிருந்தது. மெஷின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் பாய்ந்துபோய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"டோன்ட் லீவ் மீ சார்! டோன்ட் லீவ் மீ!"

முப்பது வயது மனுஷன், கல்யாணமானவர், இத்தனை பேர் பார்க்க இப்படி ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு என்னை விட்டுப் போகாதே என்று கதறினால் என்ன செய்வார்? பின்னாலேயே நகர்ந்து துண்டு அலமாரியில் மோதினார். நான் காலையிலிருந்து மடித்த அத்தனை துண்டும் அவர் தலையில் சரிந்தது. அவள் இன்னும் கையை விடவில்லை. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது. என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் ஒரே கடிதம். அதை எடுத்து விட்டேன்.

"சார்! ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்..." காய்ச்சல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கி, அக்காவை விரலால் காட்டினேன். "டாட்டர்! சஃபரிங் ஃப்ரம் டாட்டர்! கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார்..."

இருபதுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பத்து விரலையும் இரண்டு தரம் விரித்துக் காட்டினேன். பின்னால் இஸ்திரி மேஜையிலிருந்து எல்லாரும் ஒரே குரலில், "கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்!" என்று பிடித்துக்கொண்டார்கள்.

மேனேஜர் தலையில் கிடந்த துண்டை எடுத்தார். பையிலிருந்து அக்காவின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஃபீவர்" என்று மெதுவாகச் சொன்னார். எங்களுடைய அத்தனை வருஷக் காய்ச்சலும் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அழுக்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருபது நாள் தந்தார். கேக் பெட்டி மேல் தேதியும் எழுதினார். இருபத்தோராம் நாள் காலை ஆறு மணிக்கு வராவிட்டால் புதுப்பெண்ணுக்கு வேலை நிரந்தரம் என்று மணியைக் காட்டி, மெஷினைக் காட்டி, அவளைக் காட்டி, எனக்கே புரியும்படி சொன்னார். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கேக்கையும் தூக்கப் போனவரை அக்கா மறித்தாள்.

"கேக் லீவ் சார்."

விட்டுவிட்டுப் போனார். 'குட்பை' இருந்த துண்டை நானே முதலில் வெட்டித் தின்றேன்.

அவள் இல்லாத இருபது நாளும் எதிரே அந்த முகம் இல்லை. புதுப்பெண் நல்லவள்தான், ஆனால் வாயே திறக்க மாட்டாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை மேனேஜர் போனோடு என்னிடம் வந்தார். அக்காவிடமிருந்து செய்தி. ஒரு கையில் அது, இன்னொரு கையில் புதுப்பெண்ணின் நியமனக் காகிதம். அவரே படித்துக் காட்டினார்.

'பேபி குட். டாட்டர் நாட் லீவிங் மீ. சண்டே ஐ லீவ்.'

மகள் விடமாட்டேன் என்கிறாளாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து கிளம்புகிறாளா, இல்லை வேலையையே விடுகிறாளா? பிளீச் பட்ட பக்கத்தில் எது இருந்ததென்று யாருக்குத் தெரியும்?

"கமிங்? நாட் கமிங்?" என்றார் மேனேஜர்.

"கமிங் சார்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அடித்துச் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனார்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே போய்விட்டேன். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசி மெஷினிலிருந்து நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடியது.

"யாருடி இதுல இவ்ளோ சோப்பை விட்டது? இருபது நாள் நான் இல்லேன்னா குடியே முழுகிடுமா?"

மெஷினுக்குப் பின்னாலிருந்து கையில் துடைப்பத்தோடு வந்தாள். ஊரிலிருந்து வந்த பை வாசலிலேயே கிடந்தது. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அகராதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் துடைத்தாள்.

"டோன்ட் லீவ் டியர்ஸ்டி. என்ன ஆச்சு உனக்கு?"

"ஃபீவர் அக்கா" என்றேன்.