ஏழால் வகுபட்ட எண்

அச்சகத்தில் எல்லோரும் அவரை 'ப்ரூஃப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவர். முதுகெலும்பு விலகிப் படுத்துவிட்ட கணவருக்கும் அவருக்கும் அந்த ஒரு சம்பளம்தான்.

ஒன்றரை வருடம் முன்பு பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. கண்ணாடி மாற்றியும் பிரயோசனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை, கணவரிடம்கூட. அச்செழுத்தை லென்ஸ் வைத்து ஒப்பேற்றினார். கையெழுத்துதான் வெறும் புகையாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் பகா எண்கள் பற்றிய புத்தகம் வந்தது. கடைசியில் நாலாயிரம் பகா எண்களின் பட்டியல், மூலப்பிரதி முழுக்கப் பென்சில் கையெழுத்து.

வழியும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. பகா எண் தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும். ஆகவே ஒரு பெரிய பகா எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் மூன்றின் மடங்கு வரவே கூடாது. மூலத்தைப் பார்க்காமல் அச்சுத்தாளை மட்டும் வைத்தே கூட்டிப் பார்த்தார். 2147488647 என்றிருந்ததன் கூட்டுத்தொகை ஐம்பத்தொன்று. தப்பு என்று வட்டமிட்டார். பேராசிரியர் பார்த்துவிட்டு, நடுவில் இரண்டாவது எட்டுக்குப் பதில் மூன்று வர வேண்டும் என்றார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இனி இரண்டாவது ஆள் பார்க்கவே வேண்டாம், பட்டியல் முழுவதும் அக்கா பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மூன்றால் வகுபடாததெல்லாம் பகா எண் ஆகிவிடாது என்றும் அதே புத்தகம் சொல்லியிருந்தது. ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். ஐம்பது எண்களை ஏழால் வகுத்தார். அச்சுக்குப் போக வேண்டிய தேதி நெருங்கியதும் விட்டுவிட்டார்.

புத்தகம் வெளிவந்த பன்னிரண்டாம் நாள் பேராசிரியர் வந்தார். 524287 இருக்க வேண்டிய இடத்தில் 524237 இருந்தது.

"இது ஏழால வகுபடுதும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை.

முதலாளி பென்சில் பிரதியை எடுத்து நீட்டினார். "இந்த வரியைப் படிங்கக்கா."

அக்கா தாளை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார்.

"தெரியல சார்."

"எத்தன நாளா?"

"ஒன்றரை வருஷமா."

முதலாளி பிரதியைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, வீட்டுக்குப் போங்கள், கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அச்சான புத்தகங்களில் திருத்தச் சீட்டு ஒட்டுகிற வேலையையாவது தரச் சொல்லிக் கேட்க வாயெடுத்த அக்கா, பேராசிரியர் இருந்ததால் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டார். எண் தெரியவில்லை. கணவரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. மூன்றாவது வரும்போது பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. வர்றது எந்த பஸ்ஸுன்னு சொல்றீங்களா?"

அந்த வார்த்தையை அவர் தானாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.