அமீருதீன் வெட்டாமல் விட்ட கார்டு

மேற்குத் தாம்பரத்தில் ரயிலடியைவிட்டு இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தால், வாசல் முழுக்கப் பைகளும் பெட்டிகளுமாய்த் தொங்குகிற கடை ஒன்று இருந்தது. அமீருதீன் கடை. துபாய்க்குப் போகிறவன், தேனிலவுக்குப் போகிறவன், புருஷனோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள் எல்லோரும் அங்கேதான் பெட்டி வாங்கினார்கள். இப்படி ஊரையே வழியனுப்பிவைத்த அமீருதீன் மட்டும் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை.

இந்த மனிதரிடம்தான் கழுத்தில் டை கட்டிய ஓர் ஆள் வந்து, பிரயாணம் செய்கிறவர்களுக்கென்றே போட்ட கிரெடிட் கார்டு என்று ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். விமானப் படம் போட்ட நீலக் கார்டு. வருஷக் கட்டணம் கிடையாது, தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் பரிசு. அமீருதீனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வட்டி என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாதென்று பில் வந்த அன்றைக்கே போய்க் கட்டிவிட்டு வருவார்.

அந்தக் கார்டைத்தான் 2007-ல் ஒரு நாள் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

காரணம், அவரும் மனைவி ஷரீஃபாவும் உம்ராவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மக்காவுக்குப் போகிறவர்கள் கடனை அடைத்துவிட்டு, பழகினவர்களிடமெல்லாம் போய் "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க" என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். ஒரு மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதரே பொறுத்தாலொழிய ஆண்டவன் பொறுக்கமாட்டான். அதனால், யாருக்கும் எந்தப் பாக்கியும் வைக்காமல் போய் நிற்க வேண்டும் என்று அமீருதீன் ஒற்றைக்காலில் நின்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் போகிற பயணம், அதிலே ஒரு கறையும் இருக்கக் கூடாது.

"பேங்க்காரன் பாக்கியும் வேணாம், பேங்க்காரனே வேணாம். வெட்டிப் போட்டுடறேன்" என்றார் மகன் அஃப்தாபிடம்.

"கட்டணமே இல்லாத கார்டு அத்தா. சும்மா கெடந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்? பாயிண்ட் வேற சேர்ந்திருக்கு."

"அதுக்கு என்ன குடுப்பான்?"

அஃப்தாப் பரிசுப் புத்தகத்தைப் புரட்டினான். "உங்க பாயிண்டுக்கு... ஒரு டிராலி பேக்."

அமீருதீன் தலைக்குமேல் தொங்கிய டிராலி பேக்குகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்றார்.

உண்மையில் அவர் கோபம் பரிசின்மேல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி அவர் வாங்காத மிக்சி ஒன்று பில்லில் ஏறியிருந்தது. வங்கிக்குப் போன் போட்டார். நிஷா என்று பேர் சொன்ன ஒரு பெண் எடுத்து, ரசீதில் கையெழுத்து இருக்கிறது சார் என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஜிப்பு அறுந்த பையைக் கொண்டுவந்து வீசுகிறவனிடம்கூட அதிர்ந்து பேசாத அமீருதீன், அன்றைக்கு என்ன சனியன் பிடித்ததோ, கடை வீதியே கேட்கக் கத்திவிட்டார். பணத்தைக் கட்டினார். கார்டைப் பீரோவில் போட்டுப் பூட்டினார். திருட்டுக் கூட்டம் என்று இரண்டு வருஷமாக வஞ்சம் வைத்திருந்தார்.

கத்தரிக்கோலை எடுத்த நேரம் பார்த்து மீன் கூடையோடு குப்பம்மா வாசலில் வந்து நின்றாள். கார்டு காத்திருக்கட்டும் என்று அமீருதீன் எழுந்து போய் அவளிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்டார்.

"இன்னா பாய் நீ, பெரிய மன்சன் இப்டி கேட்டுகினு? பொறுத்துகினேன் போ. வந்தப்புறமாவது வஞ்சிரத்தப் பேரம் பேசாம வாங்கு" என்றாள்.

பக்கத்து போட்டோ ஸ்டுடியோ வில்பிரட்டிடமும் போனார். அமீருதீன் தொங்கவிட்ட பைகள் தன் பெயர்ப் பலகையை மறைக்கின்றன என்று மூன்று வருஷமாகப் பேசாமலிருந்த வில்பிரட், காபி கொடுத்து பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்து அனுப்பினார். இனி மிச்சம் வீட்டுக்குள் இருக்கிறவள்தான்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்து அமீருதீன் ஷரீஃபாவிடம் கேட்டார். ஷரீஃபா உடனே தலையாட்டிவிட்டாள். அவள் முறை வந்தபோதுதான் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"என்னங்க... அந்த மிக்சி என் தம்பி குடுத்ததில்லைங்க."

பெருநாளைக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த மிக்சி அது. அமீருதீன் சட்னி தொட்டுக்கொள்ளும் போதெல்லாம் மச்சானைப் புகழ்வார். நேரிலும் சொல்லியிருக்கிறார். மச்சான் பாவம், எதற்கென்று தெரியாமலே தலையாட்டியிருக்கிறான்.

"உங்க அக்கா வீட்டு மருமகளுங்க ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சீரைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாங்க. தம்பிக்கு அப்ப வேலை இல்ல. எனக்கு மானமே போயிடும் போல இருந்துச்சு. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப கார்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். உங்க கையெழுத்தையும் நான்தான் கிறுக்கினேன். நீங்க போன்ல அந்தக் கத்து கத்தவும் பயந்துட்டேன்."

அமீருதீனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரிக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசம்" என்றார். "அதைப் போய் அப்படிப் பேசிட்டேனே, ஷரீஃபா."

ஊரெல்லாம் போய்க் கேட்டாயிற்று, கேட்கவேண்டிய ஆள் போனுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு பேரும் குரலும்தான்.

அஃப்தாப் விவரம் சொன்னான். "அந்த நம்பருக்குப் போட்டா கார்டு நம்பரை அமுக்கச் சொல்லும். கார்டு இருந்தாத்தான் ஆள் லைன்லயே வருவாங்கத்தா. நீங்க வெட்டியிருந்தா அதோட தீர்ந்துது."

கத்தரிக்கோல் மேசைக்குள் போனது. நீலக் கார்டு கல்லாப்பெட்டிமேல் வந்து உட்கார்ந்தது.

மறுநாளிலிருந்து வியாபாரத்துக்கு நடுவே அமீருதீன் நம்பர் அமுக்க ஆரம்பித்தார். தமிழுக்கு ஒன்று, இதற்கு இரண்டு, அதற்கு மூன்று என்று அது சொல்லச் சொல்ல அமுக்கினார். பாட்டுப் போட்டார்கள், பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொரு தரமும் வேறு ஆள் வந்து, கடன் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்றார்கள்.

"ஒண்ணும் வேணாம்மா. நிஷான்னு ஒரு பொண்ணு, அதுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

வயசான ஆண் குரல் ஒன்று பெண் பேரைச் சொல்லிக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? "அப்படியெல்லாம் குடுக்க முடியாது சார்" என்று வெடுக்கென்று வைத்தார்கள். அமீருதீனுக்குக் கூசிப் போனது. ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஹேமநாத் என்று ஒரு தம்பி மாட்டினான். அவனிடம் மக்கா, மிக்சி, மச்சான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கேட்டுவிட்டு அந்தத் தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க இப்ப வேற செக்‌ஷன் சார். நம்பர் தரமாட்டேன். உங்க விஷயத்தை மட்டும் சொல்லிப் பாக்கறேன். பேசறதும் பேசாததும் அவங்க இஷ்டம்."

பெட்டிகள் கட்டியாயிற்று. சொந்தக் கடையிலிருந்தே எடுத்த பெட்டிகள், அவற்றுக்கும் விலை கொடுத்து எழுதிக்கொண்டார். போன் வரவில்லை. இந்த ஒன்றோடுதான் போகவேண்டும்போலிருக்கிறது என்று அமீருதீனுக்குச் சோறு இறங்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள், ஷரீஃபா கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தபோது செல்போன் அடித்தது.

"சார், நான் நிஷா. நீங்க தேடறதா ஹேமநாத் சொன்னாரு. எனக்கு உங்கள ஞாபகமே இல்ல சார். தெனமும் யாராவது திட்டுவாங்க. பொறுத்துக்கிட்டேன், சரியா? நிம்மதியா போயிட்டு வாங்க."

முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று போனை வைத்திருக்கலாம். ஆனால் அமீருதீனுக்கு மனசு ஒப்பவில்லை. என்ன சரக்கென்றே பார்க்காமல் ஒருத்தி வாங்கிக்கொண்டு போகிறாள், அதைப் பேசாமல் கட்டிக் கொடுப்பதா?

"என்ன சொன்னேன்னு கேட்டுட்டுப் பொறுத்துக்கம்மா" என்றார். கடையில் நின்ற வாடிக்கையாளருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். நாக்கு வரமாட்டேன் என்றது. "உன்னைப் பெத்தவன் உனக்குத் திருடத்தான் சொல்லிக் குடுத்தானான்னு கேட்டேன்."



"அது நீங்களா சார்" என்றாள் நிஷா.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "வேலைக்குச் சேர்ந்த மொத மாசம் அது. என்னைத் திட்டினா துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். அப்பாவை இழுத்தீங்க பாருங்க... அன்னைக்கு அவரு ஆட்டோவுலதான் வீட்டுக்குப் போனேன். ஏம்மா மொகம் வாடிக் கெடக்குன்னாரு. தலைவலின்னு சொல்லிட்டேன்."

 அமீருதீனுக்கு வெட்கமாக இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து ஷரீஃபா போனைப் பிடுங்கினாள்.

"அந்த மிக்சியத் திருட்டுத்தனமா வாங்கினவ நான்தான்மா! அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்னையும் சேத்துப் பொறுத்துக்க கண்ணு!"

நிஷா சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரையும் பொறுத்துக்கிட்டேன். இப்ப நெசமாவே" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "நாங்க உங்க ஆளுங்க இல்ல. கேக்கலாமான்னு தெரியல. அப்பாவுக்குச் சர்க்கரை, கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசல்ல அந்தக் காலோடயே வண்டி ஓட்டிக்கிட்டிருக்காரு. அங்க போனா அவருக்காக ஒரு வார்த்தை கேப்பீங்களா? பேரு ஏகநாதன்."

மறுநாள் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அஃப்தாப் கார்டைக் காட்டி, "இதை என்ன பண்றது, அத்தா?" என்றான். "கட்டணமே இல்லைன்னியே, கெடந்துட்டுப் போகட்டும்" என்றார் அமீருதீன். ஷரீஃபா பக்கம் திரும்பி, "இனிமே வேணும்னா கேட்டு எடு" என்றார்.

மக்காவில் காபாவை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்க நினைத்தவை எல்லாம் மறந்துபோயின. மகன் கல்யாணம், கடை, தன் முழங்கால் வலி எல்லாம் பிற்பாடுதான் வந்தன. முதலில் வாயில் வந்தது ஏகநாதனுடைய கால்தான்.

ஊர் திரும்பியதும் ஒரு பாட்டிலில் மக்காவின் புனித ஜம்ஜம் தண்ணீரும் ஒரு பொட்டலம் பேரீச்சையும் எடுத்துக்கொண்டு குரோம்பேட்டைக்கு ரயில் ஏறினார். காலில் கட்டுப் போட்ட ஆட்டோக்காரரைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"இன்னா பாய், எங்க போவணும்?"

"எங்கேயும் போகலைங்க. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

ஏகநாதன் சந்தேகமாகப் பார்த்தார். "இன்னா, சீட்டு கீட்டா? நம்மகிட்ட ஒண்ணியும் இல்ல பாய்."

"உங்க பொண்ணு போன்ல எனக்கு ஒரு பெரிய ஒத்தாசை பண்ணிச்சு. உம்ராவுக்குப் போயிட்டு வந்தேன், உங்களுக்காகவும் கேட்டுட்டு வந்தேன்." பாட்டிலையும் பொட்டலத்தையும் அவர் கையில் வைத்தார். சொல்ல வந்தது இன்னும் நெஞ்சில் நின்றது. இரண்டு வருஷத்துக்கு முந்தி கடை வீதியே கேட்கச் சொன்னதற்கு, இந்த வாசலில் நாலு பேர் கேட்கிற மாதிரியாவது சொல்ல வேண்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"பொண்ணை ரொம்ப நல்லா வளத்திருக்கீங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஏகநாதன் பக்கத்து ஆட்டோக்காரர்களைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்சீட்டைத் தட்டித் துடைத்தார்.

"குந்து பாய்" என்றார். "வூட்டாண்ட நானே கொண்டாந்து வுடறேன்."