அண்ணனின் ஜப்பான் கார்

அந்தக் காரைக் கண்டாலே எனக்கு ஆகாது. ராஜபாளையம் ரோட்டில் அது வருவது தெரிந்தால் முகத்தைக் கடைப் பக்கம் திருப்பிக்கொள்வேன். என் அண்ணனுடைய கார் அது. அவனுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் இருக்கிறது. என்னைக் கட்டிக் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். வீட்டுக்காரர் இங்கே மோட்டார் பம்புக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். என் ஒரே மகள் கல்யாணத்தில் அவளுடைய தாய்மாமன் வந்து நிற்பானா மாட்டானா என்ற கேள்வியே அந்தப் பாழாய்ப்போன காரால்தான் வந்தது. மூத்தவனை அவர் என்றுதான் எழுத வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது.

ஜப்பான்காரன் பணக்காரர்களுக்கென்றே செய்யும் ரகம். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுவது. வாங்கிய நாளிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சே கிடையாது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் சரித்திரத்தை ஆரம்பித்துவிடுவான். அதுவரை சாதாரண ஜனங்களுக்கு உழைக்கிற கார் செய்துகொண்டிருந்தார்களாம். ஒரு நாள் முதலாளி, உலகத்திலேயே நல்ல காரை நம்மால் செய்ய முடியாதா என்று கேட்டாராம். அதற்கென்று தனிப் பெயர், தனிக் கடை. சொந்த நாட்டில்கூட விற்காமல் முதலில் அமெரிக்காவில் இறக்கினார்களாம். இறக்கிய கொஞ்ச காலத்தில் ஒன்றிரண்டு பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். உடனே விற்ற கார் அத்தனையையும் வீடு தேடிப் போய் வாங்கி, கோளாறைச் சரி செய்து, கழுவி, பெட்ரோலும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்களாம். "தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிட்டான் பாரு, அவன்லா மனுசன்," என்பான். இந்த இடத்தில் அவனுக்குக் கண் கலங்கும். எங்கள் அப்பா செத்த அன்றைக்குக்கூட அந்தக் கண் அப்படிக் கலங்கவில்லை.

காருக்கு அவன் செய்த பராமரிப்பைச் சாமிக்குச் செய்திருந்தால் சாமியே இறங்கி வந்திருக்கும். காலையில் எழுந்ததும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவான். துடைப்பதற்கு மெத்துமெத்தென்று தனித் துணி உண்டு. அதை என் மதினி, அதாவது அவன் பெண்டாட்டி, தெரியாமல் அடுப்படியில் புழங்கிவிட்டாள் என்று நாள்கணக்கில் அவளோடு பேசவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் லாரி முன்னால் போனால், அது தூசியோடு தொலையும்வரை வண்டியை ஓரங்கட்டி நிற்பான். சர்வீஸுக்குச் செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குக் கொண்டு போவான். இந்த ஊர் மெக்கானிக் பானெட்டைத் தொடக் கூடாது. யார் ஏறினாலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை சட்டமும் மனிதர்களுக்குத்தான். அவன் வளர்க்கும் ராஜபாளையம் நாய்க்கு ஒன்றும் கிடையாது. பின்சீட்டில் டர்க்கி டவலை விரித்து, அந்த வெள்ளை நாயை ஏற்றிக்கொண்டுதான் தினமும் மில்லுக்குப் போவான். ராஜபாளையத்துப் பெரிய மனிதர் சிலருக்கு நாயும் காரும் சேர்ந்து ஊர் கண்ணில் பட்டால்தான் சாப்பிட்டது செரிக்கும்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றொரு குன்று உண்டு. அந்தச் சிவன் ஊர் இல்லை, இங்கே மேலே பெருமாள். முதல் பத்திரிகையைப் புரட்டாசிச் சனிக்கிழமை அவர் காலடியில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தோம். "என் கார்லதான் போவணும்" என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். போனோம். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கூட்டம் அப்பிக்கொண்டது. வெயிலில் வண்டி நகர்ந்து நகர்ந்து போனது. திடீரென்று ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஏதோ விளக்கு எரிந்தது, செத்த நேரத்தில் வண்டியும் நின்றுவிட்டது. அண்ணன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். அங்கே சீட்டின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு துவாரம். அதன்மேல் சாய்ந்தாற்போல வீட்டுக்காரரின் பூஜைப் பை இருந்தது.

"பேட்டரிக்குக் காத்துப் போற ஓட்டை மாப்ள இது! இதப் போயி பைய வச்சு அடைச்சிருக்கீகளே! பம்புக்கு வாஷர் விக்கிறவருக்கு இதோட அரும எங்க தெரியப் போவுது? ஓசில ஏறுனா ஒழுங்கா உக்காரவாவது தெரிய வேண்டாமா?"

சுற்றிலும் கூட்டம். அதில் எங்கள் கடைக்கு வருகிறவர்களும் நின்றார்கள். பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது?  வீட்டுக்காரர் இறங்கினார். பையை எடுத்தார், செருப்பை மாட்டினார், "நீ வாரியா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று சாயங்காலம் அவர் சொன்னார்: "உங்க அண்ணன் கல்யாணத்துக்கு வரட்டும். தாய்மாமன் இல்லாம எப்படி? ஆனா தான் பேசுனது தப்புன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரட்டும். அம்புட்டுத்தான்." நியாயமாகத்தான் கேட்டார். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்துப் போகாமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறை ஏறியது கிடையாது.

பிறகு ஒரு நாள் மதினி போன் பண்ணினாள். "ஏட்டி, ஒங்கிட்ட சொல்லாம எனக்குச் சோறு எறங்கல. வண்டியக் கேரளாவுக்கு ஏத்திக்கிட்டுப் போனப்ப நானும் கூடப் போனேன். அந்த ஓட்டைக்குள்ள இருக்க பில்டரக் கழட்டிப் பாத்தா, பூராம் நாய் முடி. தலவாணி தைக்கலாம், அம்புட்டு! டவலு வேற அத மூடியே கெடந்திருக்கு. பை வச்ச செத்த நேரத்துலல்லாம் ஒண்ணும் ஆவாதாம். உங்க அண்ணன் எங்கிட்ட, வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டாவ."

அடுத்த பஸ்ஸிலேயே ராஜபாளையம் போனேன். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பில்டர்ல என்ன இருந்துச்சு?"

 உள்ளே திரும்பி மதினியை முறைத்தான். "எது இருந்தா என்ன? முடிஞ்சு போன கத."

"முடியல. அவியகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு."

"நான் மூத்தவன்ட்டி. மில்லுல அத்தன பேரு கும்பிடுதான். உன் புருசன் கட வாசல்ல போயி நிக்கச் சொல்லுதியா?"

"ஜப்பான்காரன் வீடு வீடாப் போயி தப்ப ஒத்துக்கிட்டான்னு பந்திக்குப் பந்தி அழுதியே! இந்தா இருக்க ஸ்ரீவில்லிபுத்தூரு உனக்குத் தூரமாப் போச்சோ?"

"அது யாவாரம். இது குடும்பம்," என்றான். சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தான். அந்தத் துணியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு பஸ் ஏறினேன்.

கல்யாணத்தன்று அந்தக் கார் மண்டப வாசலில் வந்து நின்றது. தாய்மாமன் சீரோடு வந்தால் மேளத்தோடு எதிர்கொண்டு அழைக்க வேண்டும். மேளக்காரர்கள் ஓடிப் போய் வாசித்தார்கள். கதவு திறக்கவில்லை. வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு மண்டபப் படியிலேயே நின்றார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறங்கியது.

"உன் புருசன் வந்து கூப்பிடட்டும். எறங்குதேன்."

"அவிய அங்கனதான் நிக்காவ. நீ எறங்கி வந்து ஒரு வார்த்த சொல்லு. சபையில வேண்டாம், காதுல சொல்லு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சுண்ணே."

"அவருக்கு அம்புட்டு ரோசமா?"

"உனக்கு இருக்கதுல பாதிகூட இல்ல."

கண்ணாடி ஏறிக்கொண்டது.  அப்போது அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. மதினி சீர்த்தட்டும் மாலையுமாக இறங்கினாள். "ஏய், ஏறு வண்டில!" என்று உள்ளேயிருந்து அவன் கத்தினான். மதினி இடுப்பால் கதவை இடித்துச் சாத்திவிட்டு என்னோடு நடந்தாள். கார் பின்னால் போய், திரும்பி, ராஜபாளையம் ரோட்டில் போயே விட்டது.

"தாய்மாமனை வரச் சொல்லுங்கோ" என்று ஐயர் குரல் கொடுத்தார். மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா வரலையாம்மா?"

அந்த நேரத்தில் அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "வாசல் வரைக்கும் வந்தான்டி. எறங்க மாட்டேன்னுட்டான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதினி பக்கம் திரும்பினாள். "அத்தே, நீங்க போடுங்க."

பொம்பளை எப்படித் தாய்மாமன் மாலை போடுவது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. வீட்டுக்காரர் மணவறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "போடுங்கக்கா. எவன் கேக்கான்னு பாப்போம்," என்றார். மதினி மாலையைப் போட்டாள். அழுதுகொண்டே என் மகள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனாள்.

இப்போது யாராவது என்னிடம் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், ஒரு மதினி இருக்கிறாள் என்று சொல்கிறேன்.