பின்கதவுச் சாவி என் பையில் இருந்தது

சகோதர சகோதரிகளே, இந்த அற்புதத்தை மூன்று ஜெபக்கூட்டங்களில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். பாதியைத்தான் சொன்னேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் முட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால் கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். வேதியியலில் முதுகலை படித்தவன். குளிர் இயந்திரத்தின் அமோனியா கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்கதவைப் பூட்டினேன்.

இறால் உரிக்கும் பெண்கள் மீனவக் குடும்பத்தவர்கள். வீட்டு வள்ளம் கரையேறினால் வேலையைப் போட்டுவிட்டு, கடல் பக்கமுள்ள அந்தக் கதவு வழியாக மீன் ஏலத்துக்கு ஓடிவிடுவார்கள். அதற்காகத்தான் பூட்டு.

ஸ்டெல்லா ஒருத்திதான் கேட்டாள். "சாரே, எங்கள ஆடுன்னு நெனச்சீரா, பட்டியில அடைச்சுப் போடுததுக்கு?"

"ஆடுன்னா சொன்னபடி கேக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நாகர்கோவிலுக்குப் போயிருந்தேன். போன் வந்தது. முன்வாசல் பக்கம் அமோனியா குழாய் வெடித்துவிட்டது. உள்ளே பதினாறு பெண்கள். சாவி என் சட்டைப் பையில்.

உடனே திரும்பினேன்; வழியில் வெள்ளிச்சந்தை நெரிசலில் கார் நகரவில்லை. தலையை ஸ்டீயரிங்கில் முட்டி அழுதேன். "ஆண்டவரே, யாராவது அந்தக் கதவை உடைக்கட்டும்."

உடைத்திருந்தார்கள். அப்போதுதான் கரையேறிய வள்ளக்காரர்கள் அலறலைக் கேட்டு, நங்கூரத்தால் அடித்துத் திறந்திருந்தார்கள். பதினாறு பேரும் பிழைத்தார்கள். ஸ்டெல்லாவுக்கு வலது கண் போனது.

நான் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன். மணலில் கிடந்த பூட்டை யாரும் பார்க்குமுன் எடுத்து ஒளித்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "கதவு இறுகியிருந்தது, பூட்டவில்லை" என்றேன். பூட்டியிருந்தது என்று ஸ்டெல்லா ஒருத்திதான் சொன்னாள்; மற்றவர்கள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள், வள்ளக்காரர்களை யாரும் விசாரிக்கவில்லை. படித்தவன் பேச்சுதான் எடுபட்டது. பிறகு ஜெபக்கூட்டத்தில், ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுக் கதவைத் திறந்தார் என்று சாட்சி சொன்னேன். அல்லேலூயா என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த ஸ்டெல்லா எழுந்து போனாள்.

அதன்பின் எனக்குச் சமாதானம் இல்லை. மனநிம்மதி கேட்டு எட்டு வருடம் ஜெபித்தேன். பதில் இல்லை. போன மாதம் மீன் சந்தையில் என் குரலைக் கேட்டு ஸ்டெல்லா திரும்பினாள்.

"சாரே, இப்பவும் சாட்சி சொல்லுதீரா? அடுத்தவாட்டி அந்தப் பூட்டையும் சேத்துச் சொல்லும். கடவுளும் கேக்கட்டும்."

நான் கேட்ட பதில் அதுதான். அடுத்த நாளே தொழிலாளர் அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டு, ஒளித்து வைத்திருந்த பூட்டையும் கொடுத்தேன். நகலோடு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கண்ணும் போச்சு, பொய்க்காரின்னு பேரும் வந்திச்சு. பேர மட்டும் மாத்தித் தந்திட்டீரு. சரி, போயிட்டு வாரும்."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இரண்டு முறையும் அவர் எனக்குச் செவிகொடுத்தார். நீங்களும் நம்பிக் கேளுங்கள், தருவார். ஆனால் உங்கள் பொறுப்பில் பள்ளிக்கூடமோ கம்பெனியோ இருந்தால், இன்றே போய் அங்குள்ள ஒவ்வொரு கதவையும் உங்கள் கையால் திறந்து பாருங்கள். ஜெபம் அதன் பிறகு ஆகட்டும்.