பல் டாக்டர் அறையின் கூரைப் படங்கள்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த அக்கா, நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் விசித்திரமான படங்களை ஒட்டி வைத்திருந்தார். தெற்கை மேலே வைத்து வரைந்த உலக வரைபடம், மரக்கிளையில் நிற்கும் ஆடுகள். பழைய பத்திரிகைகளில் அவரும் கணவரும் தேடித் தேடி வெட்டியவை. ஊசிக்கு நடுங்கும் முரட்டு ஆள்கூட, "ஆடு எப்படிக்கா ஏறிச்சு?" என்று கேட்டு வலியை மறந்துவிடுவார்.

கணவர் இறந்தபின் அக்கா அழவில்லை. புதுப் படமும் ஒட்டவில்லை. ஒருநாள் அவருக்கே கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டிவந்தது. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார். அந்தப் படங்கள் யார் வீட்டுக் காலண்டரோ போலிருந்தன.

ஊசி போட்ட டாக்டர், "மரத்துப்போச்சாக்கா?" என்றார்.

"அது எப்பவோ மரத்துப்போச்சு டாக்டர்."

டாக்டர் குறடைக் கையில் எடுத்தார். பல்லைப் பிடுங்கினார். அக்கா எழுந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டே கருவிகளைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.